வெடி சத்தம் போடாத மதியம்

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. பட்டறையிலும் தெருவிலும் டீக்கடையிலும் அவர் வெடிதான். மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு "உப்பு தீந்துபோச்சா?" என்று மனைவியிடம் கேட்டாரென்றால், கீழே கடைக்காரர் உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். கோபத்துக்கும் அதே குரல், கொஞ்சலுக்கும் அதே குரல். மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவர் தாலாட்டுப் பாடினால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அலறும். அவர் மகள் மட்டும் அவர் மார்பில் கவிழ்ந்து நிம்மதியாகத் தூங்குவாள்.

அந்த மகளுக்கு இப்போது பதினாறு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

செருப்புப் பட்டறையில் ஒட்டுகிற வேலை அவருக்கு. மேல்தோலிலும் அடித்தட்டிலும் சொலுசன் பசையைப் பூசி, அடுக்கி வைத்து, பதம் வரும்வரை காத்திருந்து, சேர்த்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டுச் சேர்த்தால் வழுக்கும். அசந்துவிட்டால் ஒட்டவே ஒட்டாது. விரலின் புறத்தால் தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், விரலோடு வந்துவிடவும் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. மூக்கு எல்லாவற்றையும் மறந்துவிட்டது. சொலுசன், சோப்பு, கெட்டுப்போன முட்டை, முதல் மழை, எதுவும் ஏறாது. "மூக்கு எதுக்குண்ணே உனக்கு?" என்று கூட இருப்பவர்கள் கேட்டால், "கண்ணாடி மாட்ட" என்பார்.

மனைவிக்கு மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. அவளுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது. ஐந்து மாதமாக வீட்டில் சண்டை என்றால் அந்த மூக்கால்தான்.

"வேலையை அங்கேயே விட்டுட்டு வர மாட்டீங்களா? கதவைத் திறந்தா குப்புன்னு அடிக்குது. நேத்து பாப்பா தலையணையில கூட அடிச்சுது."

"அவ தலையணையில நான் எப்படிம்மா படுத்தேன்?"

"நீங்க படுக்க வேண்டாம். இருபது அடி தள்ளி நின்னாலே போதும்."

அவரும் செய்யாதது இல்லை. பட்டறையிலேயே குளித்தார். வீட்டுக்கு வந்து மறுபடியும் குளித்தார். வேலைச் சட்டையைப் பையில் கட்டி வாசலுக்கு வெளியே வைத்தார். கல்லால் முழங்கையைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். வாசனை போகவில்லை. "தோலுக்குள்ள ஊறிப்போச்சு போல, விடுங்க" என்று கடைசியில் மனைவியே இரக்கப்பட்டாள். அதன் பிறகு அவர் சாப்பிடும்போதுகூட ஜன்னல் ஓரமாகத் தள்ளி உட்கார ஆரம்பித்தார்.

வாசனை அவரிடமிருந்து வரவில்லை. வேறு வீடாக இருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். மீன் விற்கிறவன் வீட்டில் எந்த வாசனை யாருடையது என்று யார் பிரித்துப் பார்ப்பது?

மற்றதற்கெல்லாம் அவர்களிடம் பதில் இருந்தது. பாப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வயசுப் பொண்ணு, இளைக்கணும்னு ஆசை. பகலெல்லாம் தூங்குகிறாள்; படிப்பு அதிகம். வாயைச் சுற்றித் தோல் சிவந்து உரிந்திருக்கிறது, வெயில். சிரிப்பு குறைந்துவிட்டது, பெரிய மனுஷி ஆயிட்டா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி கைவசம் இருந்தது. மூடிக்கொண்டே வந்தார்கள்.

அன்றைக்கு மதியம் பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்றார்கள். "வெடி இங்கதானே இருக்காரு, அங்க எப்படி?" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சூடு காட்டும் விளக்கு எரியாமல் ஒட்டு வேலை நடக்காது. முதலாளி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

கீழ் வீட்டுக்காரர் பிய்ந்துபோன செருப்பொன்றைக் கொடுத்து ஒரு வாரமாகிறது. இன்றைக்கு ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று வெடி கட்டிலுக்கடியில் கையை விட்டார். தெருக்காரர்களின் சின்னச் சின்ன ரிப்பேருக்காக வைத்திருந்த அரை டப்பா சொலுசன் அங்கே இல்லை. வாசனை பொறுக்காமல் மனைவிதான் மாடிப்படி உச்சியில் இருக்கும் சின்ன அறைக்குத் தூக்கிப் போட்டிருப்பாள் என்று நினைத்தார். போடுவேன் போடுவேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். படியேறினார்.

கடைசித் திருப்பத்தில் பாப்பாவின் பள்ளிக்கூடப் பை இருந்தது. நாலு படி மேலே அவள் செருப்பு. அதற்கு மேலே, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், சுவரில் சாய்ந்து பாப்பா. மடியில் ஒரு துணி. பக்கத்தில் அவருடைய டப்பா. கண் பாதி திறந்திருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் யாரிடமோ பேசுவதுபோல அசைந்துகொண்டிருந்தது.

பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவருக்கு இது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "அடிப் பாவி" என்று தொடங்கி மூன்று தெருவுக்குக் கேட்கக்கூடிய சத்தம். அது நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு வந்துவிட்டது.

அங்கே ஒல்லி அதை நிறுத்தினான்.

ஒல்லி அவரோடு வேலை செய்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், சொலுசன் பீப்பாயைக் கழுவ உள்ளே தலையை விட்டவன், ஆவி தலைக்கேறித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றான். பீப்பாய்க்குள் விழப்போகிறான் என்று அறையின் மறுகோடியிலிருந்த வெடி பதறி, "டேய்!" என்று கத்தினார். அன்பினால் கத்தியதுதான். ஒல்லி தூக்கிவாரிப்போட்டவன்போல நிமிர்ந்தான். யாரோ துரத்துகிற மாதிரி வாசலைப் பார்த்து ஓடினான். பன்னிரண்டு எட்டு வைத்திருப்பான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆவி ஏறின நேரத்தில் இதயம் கண்ணாடி மாதிரி, திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். வெடியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வார்கள்: ஆவி ஏறினவரை அதட்டாதே, தொட்டு உலுக்காதே, எழுந்து நடக்க விடாதே. கதவைத் திற. பக்கத்தில் உட்கார். சின்னக் குரலில் பேசு. ஆளைக் கூப்பிடு.

வெடி அந்தச் சத்தத்தை விழுங்கினார். அது சுலபமாக இறங்கவில்லை. முழு உருண்டையாகச் சோற்றை விழுங்கியதுபோல நெஞ்சில் நின்று வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

செருப்பைக் கழற்றினார். படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக மேலே நகர்ந்தார். டப்பாவை மூடித் தனக்குப் பின்னால் தள்ளினார். துணியை அவள் மடியிலிருந்து நூல் இழுப்பதுபோல இழுத்தார். மொட்டைமாடிக் கதவைத் திறந்தாக வேண்டும். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. இழுத்தால் கிறீச்சென்று ஊரைக் கூட்டும். சட்டை நுனியை எச்சிலால் நனைத்து அதைச் சுற்றிப் பிடித்து, ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று நகர்த்தினார். எவ்வளவு நேரமானதோ தெரியாது. வெளிக்காற்று உள்ளே வந்தது. பாப்பாவின் நெற்றி முடி அசைந்தது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"நான்தான்" என்றார்.

"நான்தான்னா யாருங்க?"

"நான்தாம்மா. பாப்பா அப்பா."

அந்தப் பக்கம் இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. பதினெட்டு வருடத்தில் அவள் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

"உங்க குரலுக்கு என்னாச்சு?"

"ஆம்புலன்ஸோட வா. மாடிப்படி உச்சிக்கு. தெருவுக்குள்ள வந்ததும் சைரனை நிறுத்தச் சொல்லு. ஓடி வராதே. கத்தாதே. பாப்பாவுக்கு மூச்சு இருக்கு."

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

அவர் தன் மகளை அப்படிப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கழுத்து எலும்புகள் சேருமிடத்தில் ஒரு சின்னக் குழி. அந்தக் குழியில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. பாக்கு அளவு இடம்தான். உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். இடையில் ஒரு தரம் தயங்கியது. வெடியின் உலகமே அதோடு சேர்ந்து தயங்கியது. பிறகு, தானாக, யாரும் தள்ளாமல், மறுபடி ஓடத் தொடங்கியது. பட்டறையில் எந்த இயந்திரமாக இருந்தாலும் யாராவது எண்ணெய் விட வேண்டும், ஒருவர் சுவிட்சைப் போட வேண்டும். இதற்கு யார் போட்டார்கள்? பதினாறு வருடமாக, அவர் தூங்கினபோதும் திட்டினபோதும் பட்டறையில் கூலி வாங்கினபோதும், இது ஒரு நொடி ஓயாமல் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவர் நின்று பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது. கையைத் தூக்கினால் அவள் பயப்படுவாளோ என்று மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அப்பா" என்றாள் பாப்பா. நாக்கு குழறியது. "நீங்களா?"

"நான்தான். அப்படியே சாஞ்சுக்கோ. எழுந்திருக்காதே."

"திட்டுங்கப்பா."

"அப்புறம் திட்டுறேன். இப்ப காத்து வாங்கு."

"ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

அவள் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்த வானத்தைப் பார்த்தாள். கண்ணில் மெல்ல மெல்ல ஆள் திரும்பி வந்தது.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா, பாப்பா? பள்ளிக்கூடத்துல?"

"யாரும் ஒண்ணும் சொல்லலப்பா. அதான் கஷ்டம். சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு காரணம் கிடைச்சிருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "காலையில கண்ணைத் திறக்கும்போதே சோர்வா இருக்கு. நாள் பூரா கல்லு சுமந்துட்டு வந்து படுத்த மாதிரி. அப்புறம் எழுந்து நாளை ஆரம்பிக்கணும். யாராவது ஜோக் சொன்னா, இங்க சிரிக்கணும்னு ஞாபகம் வச்சிக்கிட்டு சிரிக்கிறேன்."

"எத்தனை நாளா?"

"போன வருஷ லீவுல இருந்து."

அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பதினான்கு மாதம்.

"இது?" டப்பாவைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க துணிதான்பா முதல்ல. கை துடைக்கிற துணி. பையில வச்சிருப்பீங்கல்ல." அவள் நிறுத்தினாள். "சின்னப் பிள்ளையில உங்க மேல படுத்துத் தூங்குவேன். அந்த வாசனை. ஒருநாள் தூக்கமே வரல. உங்க துணியை எடுத்து முகத்துல வச்சிக்கிட்டேன். தூங்கிட்டேன். அப்புறம் துணி போதல."

அந்த வாசனை எப்படி இருக்குமென்றே அவருக்கு நினைவில்லை. அவர் மகள் தேடிப் போனது அதைத்தான். ஊளையிட்டு அழ வேண்டும்போல இருந்தது. உதட்டை உள்ளே மடக்கிக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"விடப் பார்த்தேன்பா. சத்தியமா. ஒரு தடவை பதினொரு நாள் விட்டேன். பன்னிரண்டாவது நாள் முடியல."

"எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"யார்கிட்டயும் சொல்லாம? தனியாவா?"

"ம்."

வெடி சிகரெட்டை விட்ட கதை தெருவுக்கே தெரியும். அறிவித்துவிட்டு விட்டார். மனைவி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள், கூட வேலை செய்கிறவர்கள் முதுகில் தட்டினார்கள், டீக்கடைக்காரர் கைகொடுத்தார். இரண்டரை நாள். மூன்றாம் நாள் மத்தியானம் கழிவறையில் புகை வந்தது.

"பாப்பா, எனக்கு ஊரே துணைக்கு இருந்தும் ரெண்டரை நாள்தான்."

"தெரியும்பா. புகை ஜன்னல் வழியா வந்துச்சு."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் மூட்டை தூக்குகிற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். முதுகில் இரண்டு ஆள் கனம் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறுவார்கள். ஏறி முடித்ததும் ஒரு சத்தம் போடுவார்கள், யாராவது தண்ணீர் கொடுப்பார்கள். இந்தப் பெண் பதினான்கு மாதமாக ஒவ்வொரு நாள் காலையிலும் அதைத் தூக்கியிருக்கிறாள். தூக்கிக்கொண்டே தலை வாரியிருக்கிறாள், பஸ் பிடித்திருக்கிறாள், அவருக்கு மறுசோறு வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். ஒரு சத்தம் போட்டதில்லை. தன் வீட்டில், தன் தட்டுக்கு எதிரே, இப்படி ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்க நினைக்க அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் வந்தது. மனைவி படியேறி வந்தாள். ஓடவில்லை, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, நீருக்குள் நடப்பதுபோல வந்தாள். வந்தவள் டப்பாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு புருஷனின் புண்ணாகிப்போன முழங்கையைப் பார்த்தாள். பாப்பாவின் காலடியில் உட்கார்ந்து அந்தக் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இரண்டு நாள் பார்த்தார்கள். இதயம் தப்பித்துக்கொண்டது என்றார்கள். மூன்றாம் நாள் மனநல டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். முதலில் பாப்பாவிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு இவர்களைக் கூப்பிட்டார்.

"கெட்ட பழக்கம்னு மட்டும் பார்க்காதீங்க. மனசுக்கு நோய். ரொம்ப நாளா இருந்திருக்கு. அந்த வலிக்கு அவளே ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்கா. அது ஆளைக் கொல்லுற மருந்து."

"வீட்டுலயே இருந்திருக்கு டாக்டர்" என்றாள் மனைவி. "நான் இவரைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

"குணமாகுமா?" என்றார் வெடி.

"ஆகும். நாளாகும். நடுவுல தவறினாலும் தவறலாம், அதுக்காக எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க. மாத்திரை இருக்கு, வாரா வாரம் பேச வரணும். வேணும்ங்கிற நினைப்பு அலை மாதிரி வரும். வந்தா இருபது நிமிஷம், அரை மணி நேரம். பிடிச்சு நின்னா போயிடும். வரும்போது யார்கிட்டயாவது வாயைத் திறந்து சொல்லணும். அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டம். அதை நீங்க சொல்ல வைக்க முடியாது. அவளா சொல்லணும். அந்த வாசனை மட்டும் அவ பக்கத்துல வரவே கூடாது."

வெடி மறுநாளே முதலாளியிடம் போய் நின்றார். பிரஷ்ஷைக் கீழே வைத்தார். தனிக் கட்டிடத்தில் குதிகாலுக்கு ஆணி அடிக்கும் பிரிவில் இடம் கேட்டார். அங்கே அவர்தான் புதிய ஆள். முதல் வாரத்தில் கட்டைவிரலில் நான்கு தடவை சுத்தியல் விழுந்தது. "அண்ணே, ஆணி விரலுக்குப் பக்கத்துல இருக்கு, பார்த்து அடிங்க" என்றார்கள். பேசாமல் அடித்தார்.

வீட்டில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் எதற்கென்று சொல்லிக்கொள்ளவில்லை. பாப்பா மாத்திரை போட்டாள், தூங்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மூன்றாவது வாரம் அரை நாள் பள்ளிக்கூடம் போனாள். அலை வருகிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்ததா, வந்து தனியாகவே நின்றாளா, மறைக்கிறாளா? கேட்டுவிடலாம் என்று வெடிக்கு வாய்வரை வரும். டாக்டர் சொன்னது நினைவுக்கு வரும். அடக்கிக்கொள்வார்.

பாப்பா வீட்டுக்கு வந்த பத்தொன்பதாவது நாள் காலை ஏழு மணி. குளியலறை வாசலில் பாப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வெடி சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பிரஷ் சத்தம் நின்றது.

"அப்பா."

திரும்பினார். வாயோரம் நுரையோடு நின்றாள். கை நிலைப்படியைப் பிடித்திருந்தது.

"வருதுப்பா."

அவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அவளும் உள்பக்கம் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, கையில் கரண்டியோடு அங்கேயே நின்றாள்.

பாப்பாவின் மேல் உதட்டில் வேர்வை அரும்பியது. முழங்கால் ஆட ஆரம்பித்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையும் சேர்ந்து ஆடியது.

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஏழு நிமிஷம்."

"அவ்வளவுதானா?" பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஏதாவது பேசுங்கப்பா."

அவர் ஆணியைப் பற்றிப் பேசினார். குதிகாலுக்கு எத்தனை ஆணி, எந்த ஆணி முதலில், ஏன் நடு ஆணியைக் கடைசியில் அடிக்க வேண்டும், எந்த விரல் எப்போது வீங்கியது. யாருக்கும் தேவையில்லாத விஷயம். அவள் ஒவ்வொரு சொல்லையும் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து போன் வந்தது. அடித்து ஓய்ந்தது.

அது போவதை அவர் தன் கண்ணால் பார்த்தார். தண்டவாளத்தோரம் இருக்கும் வீட்டில் ரயில் போகும்போது சுவர் அதிரும், பாத்திரங்கள் குலுங்கும், விளக்கு ஆடும். பிறகு சுவர் நிற்கும், கடைசியாக ஒரு கரண்டி மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்து அதுவும் அடங்கும். அப்படித்தான். முதலில் அவள் தோள் இறங்கியது. பிறகு முழங்கால். கடைசியாகச் சுண்டுவிரல். அவ்வளவு பெரியது ஒன்று அந்த மெலிந்த உடம்பின் வழியாகப் போயிருக்கிறது. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"போயிடுச்சு" என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நிமிடம். எழுந்திருக்கத் தோன்றவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா எழுந்து, காய்ந்துபோன நுரையைக் கழுவி, வாய் கொப்பளித்தாள். சீப்பை எடுத்துத் தலையை இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கும் வரும்பா."

அவர் தலையாட்டினார்.

"அப்பா, எழுந்திருங்க. பஸ் போயிடும். வழியை அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."